விழுங்கினால்தான் விளங்கும்

ஜூன் 3, திங்கள்
கம்பனியில் தேயிலை ருசி பார்க்கும் எங்கள் பகுதியை மாத முடிவில் மூடுகிறார்களாம். பதினெட்டு வருடம் நாளுக்கு முந்நூறு கோப்பை உறிஞ்சித் துப்பியவனுக்கு வேறென்ன தெரியும்? நிஷாந்தினியிடம் சொன்னேன். "பாப்பம்" என்றாள். மனைவி "பாப்பம்" என்றால் அது ஆறுதலா, பயமா? இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

ஜூன் 8, சனி
கூடப் படித்த கொட்டாஞ்சேனை ஸ்ரான்லி மட்டக்குளியில் சின்னதாக ஒரு பியர் காய்ச்சும் சாலை நடத்துகிறான். "உன்ர நாக்கு எனக்கு வேணும், வந்து பார்" என்று கூப்பிட்டான். போனேன். உள்ளே ஊறிய தானிய மணம், பியர் ஊறும் ஆளுயரத் தாங்கிகள். மேசையில் ஐந்து சின்னக் கிளாஸ். கலங்கல் வெள்ளையில் தொடங்கிக் கறுப்பு வரை. பழக்கதோஷம் – சுர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்து வாளிக்குள் துப்பினேன். அது தரை துடைக்கிற வாளி.

ஸ்ரான்லி விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், இது தேத்தண்ணி இல்ல. கசப்பு தொண்டையிலதான் தெரியும். விழுங்கினாத்தான் விளங்கும்."

நான் விழுங்கவில்லை. கல்யாணத்துக்கு முன் நிஷாந்தினி கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு சொட்டும் குடிக்கக்கூடாது. அவளுடைய அப்பா சாராயத்தால் போனவர்.

ஆனால், ருசி பார்ப்பது குடிப்பதா?

ஜூன் 9
தெரியவில்லை.

ஜூன் 12, புதன்
கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு மறுபடி போனேன். இந்த முறை விழுங்கினேன். மூன்றாவது கிளாஸில் உருகிய பட்டர் மணம். பியரில் அது எதற்கு? சொன்னதும் ஸ்ரான்லி மணந்து பார்த்தான், முகம் மாறியது. ஒரு தாங்கி முழுவதும் பிழை, அவனுக்கே பிடிபடாத பிழை. "ஒண்டாம் திகதி வேலைக்கு வா" என்றான்.

பஸ்ஸில் வரும்போது பெரிய சந்தோஷம். பிழையைக் கண்டுபிடித்த சந்தோஷமா, விழுங்கிய சந்தோஷமா? கடவுளே, எனக்கே விளங்கேல்ல.

ஜூன் 13
நிஷாந்தினியிடம் எல்லாம் சொன்னேன்.
"ஒரு நாளைக்கு எத்தினை வாய்?"
"இருபது வரும்."
"அது எத்தினை கிளாஸ்?"
தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள். "சரி, போங்கோ" என்றாள்.

ஜூலை 5
வேலை நன்றாகப் போகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 20, சனி – போயா
பௌர்ணமி விடுமுறை. பதினொரு மணிக்கு, அங்கே முதல் கிளாஸ் எடுக்கும் நேரத்துக்கு, வாய் ஊறத் தொடங்கியது. தேசிக்காய் வாங்க இறங்கியவன் பிரதான வீதியில் மதுக்கடை ஷட்டருக்கு முன்னால் நின்றேன். போயாவுக்கு எல்லாம் பூட்டு என்று தெரியும். தெரிந்தும் ஏன் போனேன்? எவ்வளவு நேரம் நின்றேன்?

தேசிக்காய் இல்லாமல் வீட்டுக்கு வந்து, நிஷாந்தினியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தாள்.

"அப்பா ஒருநாளும் வந்து இப்பிடிச் சொன்னதில்ல" என்றாள். அழுதாள். நானும்தான்.

பிறகு என் போனை எடுத்துத் தந்தாள். இனி வரமாட்டேன் என்று ஸ்ரான்லியிடம் சொன்னேன். அடுத்து என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.