உன் அண்ணன் சிரித்த படம்

அன்புள்ளவளுக்கு,

இன்று உன் அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தார். "வேலைய விட்டுட்டு கேமராவத் தூக்கினவன்கூட இருக்க வேண்டாம்" என்று உன்னையும் பாப்பாவையும் அழைத்துப் போன அதே அண்ணன்தான். ஆபீஸ் அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமாம்.

விறைப்பாக உட்கார்ந்தார். தொழில் தொடங்கிய புதிதில் என்றால் "சிரிங்க, சிரிங்க" என்று கெஞ்சியிருப்பேன். இப்போது ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி திருப்பி உட்காரவைத்துவிட்டு, "பாப்பா என்ன பண்றா மச்சான்?" என்று கேட்டேன்.

"என் கண்ணாடிய மாட்டிக்கிட்டு என்னையே அதட்டுறா மாப்ள" என்றார். முகம் அப்படியே மலர்ந்தது. எடுத்துவிட்டேன்.

படத்தை வெகுநேரம் பார்த்தார். "நான் இப்படியா இருக்கேன்? ஹால்ல மாட்டப் பெருசா ஒண்ணு போடுங்க."

படியிறங்கும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டு வரேன்."

காலையிலேயே கிளம்பிவிடுங்கள். உங்கள் இருவரையும் எடுக்க அந்நேர வெளிச்சம்தான் நல்லது.

பாப்பாவின் அப்பா