இருபத்திரண்டாம் எண்

கந்தர்வக்கோட்டை முகாம்,
18-8-1952.

அன்புள்ள மேஜர் திருப்பதிக்கு,

ஞானமணி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டேன், அவ்வளவுதான். பூனாவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மூன்று கடிதங்களும் வந்தன. பதில் போடாததற்குக் கோபிக்காதே.

காலரா தணிந்துவிட்டது. நேற்றும் இன்றும் புதிதாக யாரும் வரவில்லை. மழை பொய்த்துக் குளம் சேறாகக் கிடக்கிறது. அதில் ஊற்றுத் தோண்டித்தான் ஊரே குடித்தது. காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. முந்திரித் தோப்பை ஒட்டிப் போட்ட கொட்டகையில் நாற்பத்தாறு பேர் படுத்தார்கள். ஒன்பது பேர் போய்விட்டார்கள். இம்பாலில் பட்டாள ஆஸ்பத்திரியில் நாம் பார்த்ததற்கு இது குறைவு என்பாய். அங்கே செத்தவர்களின் ஊர்கூட நமக்குத் தெரியாது. இங்கே அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் நான் சாப்பிடப் போகிறேன்.

நீ கேட்ட பதிவேடு இத்துடன் வருகிறது. நான் பட்டாளத்தை விட்டு ஆறு வருஷமாகியும் உன் உத்தரவுப்படிதான் செய்தேன். எல்லோருக்கும் உப்புநீர் ஏற்றினோம். வந்த வரிசையில் ஒற்றை எண்ணுக்கு உன் புது மாத்திரை. இரட்டை எண்ணுக்கு இல்லை. பதிவேட்டில் இருபத்தொன்றையும் இருபத்திரண்டையும் அடித்துவிடு. காரணம் சொல்கிறேன்.

எண் போட்டு எழுதியவர் என் கம்பவுண்டர் அய்யாக்கண்ணு. மூன்றாம் தேதி காலையில் அவர் மனைவி ராசாத்தியையே வண்டியில் கொண்டுவந்தார்கள். அவளுக்குச் சற்று முன்னால் வந்தவர் பிச்சைமுத்து, வல்லத்திராக்கோட்டைச் சம்சாரி. தங்கையைப் பார்க்க வந்த இடத்தில் பிடித்துக்கொண்டது. அவர் இருபத்தொன்று, ராசாத்தி இருபத்திரண்டு. அய்யாக்கண்ணு தெரிந்தே எண்களை மாற்றி எழுதிவிட்டார். மாத்திரை ராசாத்திக்குப் போயிற்று. மறுநாள் மதியம் பிச்சைமுத்து இறந்தார். ராசாத்தி பிழைத்தாள்.

யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். போன வாரம் பிச்சைமுத்துவின் தங்கை அழகி, அண்ணனின் துண்டையும் செருப்பையும் வாங்கிப்போக வந்தாள். அய்யாக்கண்ணுவைக் கும்பிட்டு, "கூடப் பொறந்தவுகளாட்டம் பாத்தீங்கண்ணே, ஒங்க குடும்பம் நல்லா இருக்கணும்" என்றாள். அவள் வாசலைத் தாண்டியதும் அவர் நேரே என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "அந்த மாத்திரையக் குடுத்திருந்தா அவரு பொழச்சிருப்பாராய்யா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். அது தெரியாமல்தானே சோதித்துப் பார்க்கிறோம் என்றேன். "தெரியாதுன்னா பாதிப் பேருக்கு ஏன்யா குடுக்காம விட்டோம்? டப்பாவுல இருந்துச்சே" என்றார்.

திருப்பதி, நீயாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். நான் கை கழுவப் போய்விட்டேன்.

மாத்திரை சாப்பிட்டவர்களில் நாலு பேர் இறந்தார்கள், சாப்பிடாதவர்களில் ஐந்து பேர். அந்த இரண்டு எண்ணை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் நாலுதான். இத்தனை சின்னக் கணக்கை நம்பக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவனே நீதான். ஆனாலும் தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

மேலே யாருக்கும் நான் எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை. அய்யாக்கண்ணு வேலைக்கு வருகிறார். கட்டில்களைத் தேய்த்துக் கழுவுகிறார், பதிவேட்டைத் தொடுவதில்லை. வீட்டுக்கும் போவதில்லை. ராசாத்தி வேலியோரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு என்னவென்று தெரியாது.

இனி இந்த மாதிரி எண் போட்டுப் பிரிக்கும் வேலையை எனக்கு அனுப்பாதே.

மற்ற முகாம்களின் கணக்கும் உன்னிடம் வரும். எல்லாவற்றையும் கூட்டிப் பார். மாத்திரையால் ஒரு பலனும் இல்லை என்று தெரிந்தால், உன் கையாலேயே தமிழில் அய்யாக்கண்ணுவுக்கு ஒரு கார்டு போடு. நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பார். பலன் உண்டு என்று தெரிந்தால் எனக்கு மட்டும் எழுது. அதற்கு அவசரம் இல்லை.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

உன்,
ஞானமணி