மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தீர்கள்

மாமா,

இன்று காலையில் உங்கள் பேத்தி தன் புதுக் காருக்குப் பூசுவதற்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தாள். கூடத்தில் வைத்தே மூடியைத் திருகினாள். மண்ணெண்ணெயும் புளித்த பழமும் கலந்தாற்போல ஒரு வாடை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் அதை மடித்து வைத்துவிட்டேன். "அப்பா, மெழுகு பாலிஷ் போடவா, சீலண்ட் போடவா? எது பெயின்டுக்கு நல்லது?" என்று அவள் கேட்கிறாள். அறுபதைத் தொடப்போகிற மனுஷன் ஒரு பாலிஷ் பாட்டிலைக் கண்டு பயப்படுவானா? பயந்தேன். என் அப்பா வந்துவிடுவாரோ என்று வாசலைப் பார்த்தேன். அவர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது.

உங்களுக்கு நான் கடிதமே எழுதியதில்லை. உங்கள் சேரன்மகாதேவிக்கும் எங்கள் பாளையங்கோட்டைக்கும் நடுவில் என்ன பெரிய தூரம், எழுதுவதற்கு? இப்போது எழுதுகிறேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் போன ஒன்றைச் சொல்லத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் உங்கள் மகளுக்கும் எனக்கும் நிச்சயதார்த்தம். வெற்றிலைத் தட்டு மாற்றிய பிறகு அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "பையன் கங்கைகொண்டான் மில்லுக்குத் தெனமும் பஸ்ஸுல போயிட்டு வாரான். ஒரு காரு இருந்தா நல்லது." கேட்கவில்லை. இருந்தால் நல்லது என்றார். அதுதான் அவர் வழக்கம். "அதுக்கென்ன சம்மந்தி" என்று நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் ஆற்றங்கரை வயல் விலைக்குப் போயிற்று. கரும்பச்சையில் ஒரு கார் வந்தது. ஆலையில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன் நான். அன்றைக்குப் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். "காரெல்லாம் வேண்டாம் மாமா" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவே இல்லை என்று பல வருஷம் எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆலை வாசலில் நீங்கள் வந்து நின்றீர்கள். கக்கத்தில் குடை, கையில் மஞ்சப்பை. பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிற வாத்தியார், என்னைப் பார்த்ததும் குடையையும் பையையும் மாற்றி மாற்றிப் பிடித்தீர்கள். டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். குடிக்காமலே தம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"வீட்ல யாருக்கும் சொல்லாம வந்திருக்கேன் மாப்ளே. ஒரு தப்பு நடந்துபோச்சு."

கார் வந்த அன்றே கோயிலில் பூசை போட்டு, அர்ச்சகர் பானெட்டில் ஒரு கையகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருக்கிறார். அதைத் துடைக்கப்போன உங்களை உங்கள் அக்கா தடுத்துவிட்டார்கள். "கல்யாண வண்டி பொட்டை அழிக்கப்படாதுலே! பொண்ணு ஏறி ஒக்காந்த பொறவுதான் தண்ணி படணும்." பொட்டு அழிக்கிறது என்ற பேச்சு வந்த பிறகு எந்தத் தகப்பனுக்குத் துணி எடுக்க மனசு வரும்? வைகாசி வெயிலில் எட்டு நாள் அப்படியே காய்ந்திருக்கிறது. ஒன்பதாம் நாள் கோடை மழை. குங்குமம் பானெட்டில் கோடு கோடாக வடிய, நீங்கள் பதறிப்போய்த் துடைத்திருக்கிறீர்கள். பொட்டு போய்விட்டது. அடியில் கறை போகவில்லை.

"வெளக்கு தேய்க்கிறாப்ல, புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சிட்டேன் மாப்ளே. கறை போச்சு. பளபளப்பும் போயிட்டு."

நான் சிரித்துவிட்டேன், மாமா. குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி காரைத் தேய்த்திருக்கிறாரே என்று வாய்விட்டே சிரித்தேன். பிறகுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"சம்மந்தி புதன்கெழம வண்டி பாக்க வாராக. அதப் பாத்தா... கல்யாணத்த நிறுத்திருவாகளா?"

"அப்படியெல்லாம் செய்யமாட்டாக, நான் இருக்கேன்லா" என்று சொல்லியிருக்க வேண்டும். "பாத்துக்கலாம் மாமா" என்று மட்டும் சொன்னேன். அப்பா என்ன செய்வார் என்று எனக்கும் தெரியாது. அன்றைக்கு அந்த டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தோம். நீங்கள் வெளியே தெரிய, நான் தெரியாமல்.

மறுநாள் ஜங்ஷன் பக்கம் கார் சாமான் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி மூன்று டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். "இது மெழுகு. போட்டதும் கண்ணாடி மாதிரி இருக்கும். நம்மூர் வெயிலுக்கு ஒரு மாசத்துல உருகிப்போயிரும். இது சீலண்டு. மினுக்கம் கொஞ்சம் கம்மி, ஆனா மூணு மாசம் தாங்கும். தண்ணி, தூசி, வெயில் எதையும் பெயின்டுக்கு விடாது. ரெண்டுமே கீறலை மறைக்காதுவே. அதுக்கு மொதல்ல இந்த மூணாவது டப்பாவுல இருக்க தேய்ப்புப் பசையைப் போட்டுப் பைய தேய்க்கணும். அழுத்தித் தேச்சா பெயின்டே போயி அடித்தகரம் பல்லிளிக்கும், பாத்துக்கிடுங்க."

நீங்கள் மெழுகு டப்பாவை எடுத்தீர்கள், வைத்தீர்கள். சீலண்டை எடுத்தீர்கள், வைத்தீர்கள். கண்ணாடி மாதிரி மினுங்கினால் சம்பந்தி கண் கூசி அந்த இடம் தெரியாமல் போகுமா? அல்லது மினுக்கத்தில்தான் மங்கல் எடுத்துக் காட்டுமா? "மாப்ளே, நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்றீர்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு யோசித்திருக்கமாட்டீர்கள். யோசித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கடைசியில் தேய்ப்புப் பசையோடு சீலண்டையே வாங்கினோம். "மூணு மாசம் தாங்குமா அண்ணாச்சி? நிச்சயமா தாங்குமா?" என்று படியிறங்கின பிறகும் திரும்பிப் போய்க் கேட்டீர்கள்.

உங்கள் ஊர் அரிசி ஆலைக் கொட்டகையில், வெயில் படாமல் வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினோம். தவிட்டுத்தூசி படியாமலிருக்க ஈரச்சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டீர்கள். பழைய வேட்டித் துணியை மடித்து, பசையைத் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். நான் பத்து வட்டம் போட்டதும் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். "போதும் மாப்ளே, போதும். பெயின்டு போயிரும்." குனிந்து பார்ப்பீர்கள். "இன்னும் தெரியுதே." மறுபடி பத்து வட்டம். பிறகு மண்ணெண்ணெய் வாடையடிக்கிற அந்தச் சீலண்டைப் பூசி, அது வெள்ளையாகப் பூத்து வரும்வரை காத்திருந்து துடைத்தோம். நேராக நின்று பார்த்தால் ஒன்றும் இல்லை. வாசல் பக்கம் போய்ச் சாய்ந்து பார்த்தால், ஒரு கையகலம், மூச்சுப்பட்ட கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தது.

புதன்கிழமை அப்பா வந்தார். உங்கள் வீட்டு வேப்பமரத்து நிழலில் வண்டி நின்றது. வேண்டுமென்றே நிழலில் நிறுத்தியிருந்தோம். அப்பா சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். பானெட் முன்னால் வந்ததும் நின்று, உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். சரியாக அந்த இடத்தில் வைத்தார், மாமா. நீங்கள் என் பின்னால் நின்றீர்கள். உங்கள் மூச்சு என் கழுத்தில் பட்டது. அப்பா கையை எடுத்தார், வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு. காப்பி போடச் சொல்லுங்க சம்மந்தி" என்றார்.

நீங்கள் அடுப்படிக்கு ஓடிய ஓட்டம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பா கிளம்பிப் போனதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க ரொம்ப நல்லவங்க மாப்ளே. எம்பிள்ள அதிர்ஷ்டக்காரி" என்று அழுதீர்கள். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த நல்லவன் நினைப்பிலேயேதான் வண்டி ஓட்டினேன்.

ஆவணியில் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மஞ்சப்பையில் மகளுக்கு வாழைப்பழம், பலகாரம். அடியில் சீலண்டு டப்பாவும் துணியும். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லி, தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலுக்குப் போய் பானெட்டைத் துடைத்தீர்கள். அப்புறம் கார்த்திகையில். அப்புறம் மாசியில். மூணு மாசம் தாங்கும் என்று அண்ணாச்சி சொன்னாரே, அது முடியும் முன்னால் ஒவ்வொரு தடவையும் வந்து நின்றீர்கள். நாங்கள் திருச்செந்தூர் போய்வந்த செய்தி கேட்டு மறுநாளே பஸ் ஏறி வந்தீர்கள். "கடக்காத்து உப்பு மாப்ளே, பெயின்டைத் தின்னுரும்." ஆயுத பூசைக்கு முன்கூட்டியே வந்து, பொட்டைக் கண்ணாடியில் மட்டும் வைக்கச்சொல்லிக் கெஞ்சுவீர்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது கேலி. "ஒங்க அப்பா ஒன்னையப் பாக்க வாராரா, காரைப் பாக்க வாராரா?" என்று என் அம்மா கேட்பாள். உங்கள் மகளும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள்.

ஒரு தடவை கேட்டேன், இல்லையா? "கல்யாணம் முடிஞ்சு நாலு வருசம் ஆச்சு மாமா, இன்னும் என்ன?" நீங்கள் துணியை நிறுத்தவில்லை. "வெளுத்துத் தெரிஞ்சா, சம்மந்தி எம்பிள்ளைய ஒரு சொல்லு சொல்லிருவாகளோன்னுதான்." நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த வருஷம்தான் அது நடந்தது. நீங்கள் வேலையை முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தீர்கள். அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, அந்த மனுசன் எதுக்கு வந்து வந்து தேய்க்காருன்னு தெரியுமா ஒனக்கு?"

"காரு மேல ஆசைப்பா."

அப்பா சிரித்தார். "மொத நாளே என் கையில தட்டுப்பட்டுதுலே. அங்கன மட்டும் சொரசொரன்னு இருந்துது. ஒண்ணும் கேக்கல. கெடக்கட்டும்னு விட்டுட்டேன். பொண்ணு குடுத்தவன் கொஞ்சம் பயத்தோட இருந்தாத்தாம்லே நமக்கு நல்லது."

ஓடிவந்து பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பிடித்திருக்கலாம். சேரன்மகாதேவி பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. வாசல்வரை வந்தேன். "எங்கலே போற?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார். "எங்கயும் இல்லப்பா" என்று திரும்பிவந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தீர்கள். கடைசித் தடவை நிற்க முடியவில்லை, மூச்சு வாங்கியது, முக்காலி போட்டு உட்கார்ந்து தேய்த்தீர்கள். "துணியைக் கொடுங்க மாமா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். "ஒங்க சட்டையில படும், விடுங்க மாப்ளே. இன்னும் கொஞ்சம்தான்" என்றீர்கள். அடுத்த மூன்று மாதம் முடிவதற்குள் தந்தி மாதிரி ஒரு போன் வந்தது. உங்களுக்குக் கொள்ளி போட்ட அன்று நான் அழுததைப் பார்த்து, இப்படி ஒரு மருமகனா என்று உங்கள் ஊரே பேசிற்று.

அடுத்த வாரம் உங்கள் பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள், நல்ல மனிதர்கள். ஆனாலும் இரண்டு நாளாக நான் வாசல் கம்பிக் கேட்டையும் குழாயடியையும் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். "என்ன ஆச்சு ஒங்களுக்கு? துரு ஒண்ணும் இல்லையே" என்று உங்கள் மகள் திட்டுகிறாள். ராத்தூக்கம் இல்லை. யாராவது எங்காவது கை வைத்துப் பார்த்துவிடுவார்களோ என்று எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன். நீங்கள் ஐந்து வருஷம் எதோடு வாழ்ந்தீர்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, மாமா. அதை ஒரு வார்த்தையில் முடித்துவைக்க என்னால் முடிந்திருக்கும். என் அப்பாவுக்குப் பயந்து, உங்களைப் பயத்திலேயே விட்டுவிட்டேன்.

அந்த வார்த்தையை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு மொத நாளே தெரியும் மாமா. துணியைக் கீழ போட்டுட்டு உள்ள வாங்க. உங்க மக காப்பி போட்டு வச்சிருக்கா.