பார்சலை வீட்டுக்குள்ள கொண்டு வராத

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். என்மேல கோபம் இருந்தாலும் சாப்பிட்டுடு.

இன்னைக்கு ஒரு பார்சல் வரும். வாங்கி வாசல்லயே வை. ஆன்லைன்ல எஞ்சின் சாமானா, புத்தி கெட்டுப்போச்சான்னு கத்தாத. 'புத்தம் புது ஒரிஜினல்'னு விளம்பரத்துல போட்டிருந்த அந்த எஞ்சின் சிலிண்டர் நம்ம சின்னவன் வண்டியோடது. அவனும் ஆன்லைன்ல இதே பேச்சை நம்பித்தான் அதை வாங்கினான். ஓடுற வண்டியில எஞ்சின் ஜாம் ஆகி நம்மள விட்டுப் போனான்.

நீ பழைய இரும்புக்குப் போட்டதை எவனோ பெயின்ட் அடிச்சு விக்கிறான். சின்னவன் ஆணியால கீறின எழுத்து போட்டோவுல தெரியுது. போன வாரம் உன்னைத் திட்டினது அதைப் பார்த்த ஆத்திரத்துலதான். நீ அதை நம்ம கண்ணுல படக்கூடாதுன்னுதானே போட்ட.

பெரியவன்கிட்ட சொல்லு, எதையும் கடைக்குப் போய், கையில எடுத்து, அதுல அடிச்சிருக்குற நம்பர் பார்த்து வாங்கட்டும்.

பி.கு: மாட்டுறதுக்கு வாங்கல. இன்னொரு வீட்டுப் பிள்ளை கைக்குப் போயிடக்கூடாதுன்னுதான். பெரிய சுத்தியலைத் தேடி வை. நான் வந்ததும் ரெண்டு பேருமா உடைப்போம்.