உன் கடவுச்சொல் தப்பில்லை

கௌசல்யா அக்கா,

"இனிமே கம்ப்யூட்டர்ல கைய வச்ச, ஒடிச்சிருவேன்" என்று நேற்று சொன்னாயே, அதனால் நான் தொடவில்லை. சீட்டுதான் எழுதுகிறேன்.

உன் கடவுச்சொல்லை நான் மாற்றவில்லை. கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸும் கெட்டுப்போகவில்லை. நான் படிக்கும் நாவலில் பாரிஸ் தெரு ஒன்று வருகிறது. அதன் பெயரில் ஓர் எழுத்து தலையில் ^ என்று தொப்பி போட்டிருக்கும். அதை அப்படியே அடித்துப் பார்க்கும் ஆசையில் நேற்று செட்டிங்கில் பிரெஞ்சு கீபோர்டு அமைப்பைச் சேர்த்தேன். மனசு அந்தத் தெருவிலேயே நடந்துகொண்டிருந்ததில் திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். இன்று பல் தேய்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது. இப்போது நீ a தட்டினால் q விழும். திரையில் வெறும் புள்ளி தெரிவதால் நம் இருவருக்கும் புரியவில்லை.

பூட்டிய திரையின் மேல் மூலையில் fr என்று இருக்கும். அதைச் சொடுக்கி en-ஐத் தேர்ந்தெடு. பிறகு கடவுச்சொல்லை அடி. கேப்ஸ் லாக் விளக்கு எரிந்தால் அணைத்துவிடு. நேற்று கோபத்தில் அதையும் குத்தினாய்.

மதியம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் போட வரும் முகேஷ்குமார் அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. வடமதுரைக் கடைக்கு நீ இன்று அனுப்ப வேண்டிய சுங்குடிப் புடவைப் படங்கள் இந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை.

சோற்றுக்கு வெஞ்சனமாக அவரைக்காய் வதக்கி மூடி வைத்திருக்கிறேன்.

யுவராணி

கீழே கொஞ்சம் இடமிருக்கிறது: அப்படியும் திறக்காவிட்டால் போன் போடு, நான் போகும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்துவிடுகிறேன். திட்டுவதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள். நான் எப்படியும் திரும்பி வருவேன். அழிந்த படங்கள் வராது.