ஹாலில் எத்தனை பேர் படுக்கலாம்

வீட்டுக் கடனுக்காக வங்கியில் கேட்ட காகிதங்களை எடுக்க நேற்று பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன். காகிதங்களுக்கு அடியில் நம் தலையணை உறைகள் மடித்து அடுக்கியபடியே இருந்தன. கையில் எடுத்ததும் சந்தன வாசனை. மலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்து படுத்த தலைகளின் சந்தனம். எவ்வளவு சோப்பு போட்டும் போகாத மஞ்சள் கறையும் அப்படியே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் உங்களைத் திட்டினேன். கட்டின புருஷனைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது?

லீவு விட்டால் எல்லாரும் வெளியூர் போய்ச் செலவு செய்வார்கள். நமக்கு மட்டும் ஊராருக்கு லீவு விட்டால் செலவு. திருப்பதியில், அதுவும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தால் வேறென்ன ஆகும்? நகரியிலிருந்து உங்கள் சொந்தம், திருத்தணியிலிருந்து என் சொந்தம், போதாததற்கு அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள். மலை ஏறுவதற்கு முந்தின நாள் சாப்பாடு, இறங்கி வந்ததும் மொட்டைத் தலையோடு ஒரு தூக்கம். கிளம்பும்போது ஒரு லட்டு நம் கையில் வரும். இரண்டு மாதம் வரவேண்டிய காஸ் ஒரே மாதத்தில் தீர்ந்துபோகும். உங்கள் ஒர்க் ஷாப் சம்பளத்திலும் என் பள்ளிக்கூட ஆபீஸ் சம்பளத்திலும் சொந்த வீட்டுக்கென்று நான் மாதாமாதம் எடுத்துவைப்பேனே, மே மாதம் மட்டும் அதில் ஒரு ரூபாய் மிஞ்சாது.

"மலைக்குப் போறவங்களுக்கு ஒரு வேளை சோறு போட்டா, அவங்க புண்ணியத்துல பாதி நம்மளுது" என்பீர்கள்.

"பேங்க்ல முன்பணம் கேட்டா புண்ணியத்தைக் கட்டுவீங்களா?" என்பேன்.

சிரித்துக்கொண்டே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிடுவீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊட்டிக்குப் பெட்டி கட்டிய வருஷம் ஞாபகம் இருக்கிறதா? மகள் பத்தாவது முடித்திருந்தாள். வீட்டுப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்று, நான் தீபாவளிக்குப் புடவை எடுக்காமல் தனியாகச் சேர்த்த பணம் அது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன், உங்கள் தங்கை குடும்பத்தோடு ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள். பிள்ளைக்கு முதல் மொட்டையாம். என் முகத்தைப் பார்க்காமலே நீங்கள் நம் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தீர்கள்.

"ஊட்டி எங்க போவுது, அங்கியேதான் கீது" என்றீர்கள்.

மகள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் மொட்டையோடு வந்த அந்தப் பிள்ளையை அவள்தான் மடியை விட்டு இறக்கவில்லை. ஊட்டிப் பணம் மளிகைக் கடைக்குப் போனது.

வீடு பார்க்கப் போனாலும் இதே கதைதான். நான் தண்ணீர் எப்படி, சமையலறையில் வெளிச்சம் வருமா என்று பார்ப்பேன். நீங்கள் நேராக ஹாலுக்குப் போவீர்கள். ரேணிகுண்டா ரோட்டில் கட்டிக்கொண்டிருந்த அபார்ட்மென்ட்டில் சிமெண்ட் தூசியின் மேல் துண்டை விரித்து மல்லாந்து படுத்தே பார்த்தீர்கள்.

"இப்படி ஒரு வரிசை, கால்மாட்டுல இன்னொரு வரிசை. எட்டு பேர் தாராளமா படுக்கலாம்."

பில்டர் என்னைப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. ஒரு பெட்ரூம், சின்ன ஹால், அதற்கு மேல் வேண்டாம் என்று அவரிடம் நான் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

முன்பணம் சேர்வதற்குள் நெஞ்சு வலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று கிளம்பும்போது வீட்டு ஓனர் போன் செய்தார். நல்ல மனிதர்தான். "ஏமி அனுகோகண்டம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தப்பாக நினைக்காதீர்கள் என்றால் கேட்கப்போவது என்னவென்று தெரியாதா? வாடகை வீட்டுக்குள் சாவைக் கொண்டுவந்தால் அவருக்கு ஆகாது, பிறகு குடிவரவும் ஆள் வராது. புதிய வழக்கமில்லை, எத்தனையோ தெருக்களில் பார்த்திருக்கிறோம். ஊருக்கெல்லாம் படுக்க இடம் கொடுத்த மனிதருக்கு அந்த ஒரு நாள் தரை இல்லை. ஆம்புலன்ஸ் நம் தெருமுனை வழியாகத்தான் நகரிக்குப் போனது. நிற்கவில்லை. உங்கள் தங்கை தன் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தி, கூடத்தைக் கழுவிவிட்டு, அங்கே உங்களைக் கிடத்தினாள். சுற்றி உட்கார்ந்து அழுதவர்கள் எல்லாரும் நம் வீட்டில் படுத்து எழுந்தவர்கள்.

அன்றைக்கு உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அத்தனை மே மாதங்களும் மிஞ்சியிருந்தால் சொந்த வீட்டிலிருந்து போயிருப்பீர்கள் இல்லையா? நான் அதற்குத்தானே அடித்துக்கொண்டேன்? நான் சண்டை போட்டது தப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

இப்போது பணம் சேர்கிறது. காஸ் மூன்று மாதம் வருகிறது. பாலைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். யாரும் வருவதில்லை. போன மே மாதம் உங்கள் தங்கையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குடும்பமே மொட்டையோடு நின்றது. வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உடனே போன் போட்டு எங்கே தங்கினீர்கள் என்று கேட்டேன்.

"லாட்ஜ்லதான் அண்ணி. நீங்க ஒண்டியா கீறீங்க, வீடு வாங்க வேற சேத்துக்கினு கீறீங்க. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

அன்பாகத்தான் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே ரேணிகுண்டா ரோட்டு அபார்ட்மென்ட்டில் இரண்டாவது பிளாக் கட்டுகிறார்கள். ஸ்ரீசிட்டியில் வேலைக்குப் போகும் நம் மகள், ஒரு பெட்ரூம் வீடு போதும் என்றாள். "மிச்சப் பணத்துல நாம ஊட்டிக்குப் போலாம்மா. நைனா இருந்தப்பதான் போகல" என்றாள். இரண்டு பெட்ரூம் வீட்டைக் கேட்டேன். அதிலும் சின்ன பெட்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவில் சுவர் எழுப்ப வேண்டாம் என்றேன்.

"பின்னாடி விக்கும்போது ரேட் வராதும்மா" என்றார் பில்டர்.

"விக்கறதுக்கு வாங்கல" என்றேன்.

மகள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "யாரும்மா வரப்போறாங்க? ஊட்டி?"

"ஊட்டி எங்க போவுது, அங்கியேதான் கீது." என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் என் கையை விட்டுவிட்டாள்.

நாளைக்குக் கையெழுத்து. பயமாக இருக்கிறது. ரிடையர் ஆகும்வரை சம்பளத்தில் பாதி தவணைக்குப் போகும். நேற்று உங்கள் தங்கையைக் கூப்பிட்டு, அடுத்த லீவுக்கு நம் வீட்டில்தான் இறங்க வேண்டும் என்றேன். "பாக்கலாம் அண்ணி" என்றாள். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வரட்டுமா என்று கேட்டவர்களுக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

தலையணை உறைகளைப் புது வீட்டுக்குப் போகும் பெட்டியில் வைத்துவிட்டேன். அந்தத் தரையில் நான் கிடக்கும்போது எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சுற்றி உட்கார ஆள் வருமா என்பதுதான் தெரியவில்லை. உங்களைப்போலத் துண்டை விரித்துப் படுத்துப் பார்க்க எனக்குக் கூச்சம், பில்டரிடம் பேசிய அன்றைக்கு அந்த ஹாலில் நின்றபடியே எண்ணினேன். சுவர் இல்லாவிட்டால் பதினான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம்.