வேன் போகும்வரை பிரதமர் பேசட்டும்

அக்கா,

இன்று காலை உங்கள் ரேடியோவைத் துடைத்தேன். ஒலியைக் கூட்டும் பொத்தானில் உங்கள் விரல் பட்டுப் படிந்த சாம்பல் நிறம் மட்டும் போகவில்லை. பட்டாசுக்குள் அடைக்கும் அலுமினியத் தூள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது உங்கள் கையிலிருந்தும் போனதில்லை. மாசியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு, திருப்பூருக்குக் கிளம்பிய உங்கள் மகன் இதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

இன்று ஆகஸ்ட் பதினைந்து.

விஸ்வநத்தத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்கு நான் குடிவந்த வருடம், இதே நாளில், உங்கள் வீட்டுப் பாயில் தெருப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து பிரதமரின் செங்கோட்டை உரையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் இந்தி தெரியாது. பத்திரிகை நிருபரான எனக்கே அந்த உரையில் அவ்வளவு அக்கறை இல்லை. இவர்களுக்கு என்ன வந்தது என்று நினைத்தேன்.

தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வேன் ஹாரன் அடித்தபோதுதான் விளங்கியது. அன்று விடுமுறை விடவேண்டும் என்பது சட்டம். ஆனால் தீபாவளி சீசன். ஆர்டர் நிற்கிறது என்று முன்கதவைச் சாத்திக்கொண்டு வேலை வாங்குவார்கள். தனியாக ஒருத்தி வரமாட்டேன் என்றால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது.

கம்பெனிக் கணக்கப்பிள்ளை உங்கள் வாசலுக்கே வந்தார். சட்டையில் கொடி குத்தியிருந்தார்.

"யக்கா, வேன் நிக்கி."

"நிக்கட்டும். பிரதமர் பேசுதாருல்ல."

"இந்தியில பேசுதாரு. ஒங்களுக்கு என்ன வெளங்கும்?"

"நம்ம மொதலாளி தமிழ்லதான் பேசுதாரு. அது மட்டும் வெளங்குதாக்கும்? கொடியக் குத்திக்கிட்டு நாட்டுத் தலைவர் பேச்சுக்கு நடுவுல வந்து நிக்கீகளே, நல்லாவா இருக்கு? உக்காந்து கேளுங்க."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் போய்விட்டார். அன்று நீங்கள் கருவாட்டுக் குழம்பு வைத்தீர்கள். "சீசன்ல இந்த ஒரு நாளுதான் தம்பி, வெடிமருந்து வாடை இல்லாம சோறு திங்கிறது," என்றீர்கள்.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் நானும் அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நீளமாகப் பேசும் பிரதமர்தான் உங்களுக்கு நல்ல பிரதமர். ஒரு வருடம் உரை சீக்கிரம் முடிந்துவிட்டது. வேன் நகரவில்லை. நீங்கள் பதறாமல் சத்தத்தைக் கூட்டினீர்கள். செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் வந்தது.

"இப்பப் பொம்பளையில்ல பேசுது?" என்றார் கணக்கப்பிள்ளை.

"அது அவரு பேசுனதுக்கு வெளக்கம். அதையும் கேட்டாத்தான முழுசா கேட்டதாவும்?"

அந்த வருடம்தான், இந்த வருடாந்திர உரைகளால் இனிப் பயன் உண்டா என்று கட்டுரை எழுதினேன். சென்ற வருடம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள், கேட்பவர் யாருமில்லை, சடங்காகிவிட்டது என்று முடித்திருந்தேன். யாரோ உங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். குடத்தோடு என் வாசலில் நின்றீர்கள்.

"பேச்சே வேண்டாம்னு எழுதிட்டீகளாமே தம்பி? அப்ப எங்க லீவ நீங்க குடுப்பீகளா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். ஆனாலும் நின்று என் முகத்தைப் பார்த்தீர்கள்.

எழுதியது தப்பென்று இப்போதும் நான் நினைக்கவில்லை, அக்கா. அந்த உரை உங்கள் தெருவுக்கு எதையும் கொண்டுவரவில்லை. வேனைத் திருப்பி அனுப்பியது செங்கோட்டை அல்ல, உங்கள் பாய். அதை மட்டும் நான் எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் மறு வருடம் வேன் இன்னும் முன்னதாக வந்திருக்கும்.

இன்று என் வீட்டில் பாய் விரித்தேன். கதவைத் திறந்துவைத்து உங்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். உரை தொடங்கியது. ஹாரன் சத்தம் கேட்டது. தூக்குச்சட்டிகளோடு பெண்கள் தெருவில் போனார்கள். அடுத்த தெருவுக்கு மருமகளாக வந்த பெண், உங்கள் அருகில் எப்போதும் உட்காருவாளே, அவள் மட்டும் வாசலில் நின்றாள்.

"ஆரம்பிச்சிருச்சா சார்?"

"ஆரம்பிச்சிருச்சு. வாம்மா, உக்காரு."

பாயைப் பார்த்தாள். திரும்பி வேனைப் பார்த்தாள். "நான் மட்டும் எப்படி சார்?" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கணக்கப்பிள்ளை கடைசியாக எட்டிப் பார்த்தார். காலிப் பாயையும் என்னையும் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு எந்தக் கம்பெனி வேன் சார் வருது? நீங்க எதுக்குக் கேக்கீக?" என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை.

வேன் போய்விட்டது. தெருவில் ஆளில்லை. பிரதமர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், நல்ல நீளமான பேச்சு. உங்களுக்குப் பிடித்திருக்கும். அது முடிந்ததும் அந்தச் செய்திக் குரல் வந்தது.

நான் அணைக்கவில்லை அக்கா. விளக்கத்தையும் முழுதாகக் கேட்டேன்.